மடை எண்

ராத்திரி ஒன்றே முக்காலுக்குக் கரண்டு போய் வந்தது.
மேலப்பாளையத்தில் போனால் சேரன்மகாதேவியிலும் போயிருக்கும்,
அது என் கணக்கு.
ஆபீஸ் யுபிஎஸ்ஸுக்கு வயது ஆறு,
நல்ல மனநிலையில் இருந்தால் எட்டு நிமிஷம் தாங்கும்.

மாடிக்கதவை ஒட்டி, சாரல் எட்டாத ஒரு சாணில்
லேப்டாப்பை வைத்து உள்ளே நுழைகிறேன்.
மெஷின் பிழைத்திருக்கிறது.
சர்வரைக் கூப்பிட்டால் பதில் இல்லை.

கறுப்புத் திரை. மினுக்குகிற ஒரு கட்டம்.
படம் கிடையாது, பட்டன் கிடையாது.
எனக்கு இது பிடிக்கும்.
முகத்தைப் பார்க்காத ஆட்களிடம்தான்
நான் தெளிவாகப் பேசுவேன்.

ஓடு, என்று அடித்தேன்.
அந்த எண்ணில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்றது.

புத்தகத்தில் அதற்குப் பெயர் போர்ட்.
ஆவுடையப்பனுக்கு நான் அதை ஒன்பது நிமிஷம் விளக்கினேன்.
"மடைன்னு சொல்லிட்டுப் போங்களேன் மேடம்" என்றான்.
அன்றையிலிருந்து மடை.
படிக்கிறவர்கள் எத்தனை பேரும் கரையில் நிற்கலாம்.
எழுதுகிறவர் ஒருத்தர்தான்,
அடுத்தவர் முறைக்குக் காத்திருக்கணும்.
முறை தவறினால் மண்வெட்டி தூக்க ஆள் இல்லை,
ஒரு பிழைச்செய்தி வரும்.

யார் உட்கார்ந்திருப்பது?
தேடினேன். நாலாயிரத்து நூற்று இருபத்தேழு.
பாதி செத்த பழைய சர்வர்,
செத்தது தெரியாமல் மடையைப் பிடித்துக்கொண்டு.
கொல், என்று அடிக்கும்போது
தண்ணீர் குடிக்க எழுந்த உம்மா,
"யாருகிட்டளா பேசுத இந்நேரத்துல?"
யாருமில்லம்மா.

மறுபடி ஓடு.
சர்வர் தொடங்கியது.
ஒரே வரி, கைதட்டல் கிடையாது.

கோடைமேலழகியானைக் கேட்டேன், சொன்னது.
நதியுண்ணி சொன்னது. கோடகன், பாளையங்கால்வாய்,
மருதூர்கூட அரை நொடி யோசித்துச் சொன்னது.
கன்னடியன் மட்டும்:
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி,
திறந்த <மட்டம்> மூடப்படவில்லை.

திறந்ததை மூடணும்.
உள்ளே திறந்ததை முதலில், வெளியே திறந்ததைக் கடைசியில்.
எக்ஸ்எம்எல்லின் இலக்கணம் முக்கால்வாசி இவ்வளவுதான்,
இதற்கா ஆறு மாதப் பயிற்சி என்று கேட்காத ஆள் இல்லை.

கோப்பைத் திறந்தேன்.
ஒன்பது. ஒரு புள்ளி.
அதற்கப்புறம் ஒன்றுமில்லை.
ஒரு மணி முப்பத்தெட்டுக்குச் சேமித்திருக்கிறான்.

மூன்றாவது தடவைக்குப் போனை எடுத்தான்.
முதலில் வந்தது தண்ணீர்ச் சத்தம்.
"டேக்கை மூடலையே ஆவுடை."
"எதை?"
"மட்டத்தை. பாதியில நிக்கி."
"ஷட்டரை மூடப் போயிட்டேன் மேடம்.
மூணுல ஒண்ணு சிக்கிக்கிட்டு.
நானும் இசக்கிராசுவும் தொங்கித்தான் எறக்குனோம்."
எனக்கு உடனே பேச வரவில்லை.
"...மட்டம் எவ்வளவு?"
"அப்ப ஒம்பது புள்ளி நாலு.
இப்ப அது இல்ல. பத்து புள்ளி ஒண்ணு."

புள்ளிக்குப் பின்னால் நாலைப் போட்டு மூடினேன்.
கீழே புதிதாக ஒன்று திறந்து
பத்து புள்ளி ஒன்று, மூடினேன்.
பதிந்தவர், ஆவுடையப்பன். மூடினேன்.
இரண்டு பேர் இருட்டில் ஒரு இரும்புச் சக்கரத்தில் தொங்கியதற்கு
குறி எதுவும் இல்லை.
என்ன குறி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்
என்று சொல்லிக்கொடுத்தார்கள்,
ஆனால் ஸ்கீமா சென்னையிலிருந்து வந்தது.
சர்வர் வைத்துக்கொள்ளும், கணக்கில் சேர்க்காத
குறிப்பு ஒன்றை எழுதினேன்:
தொங்கித்தான் இறக்கினார்கள்.

ஜன்னலை மூடினாலும் ஓடுகிற மாதிரிதான் தொடங்கியிருந்தேன்.
ஆனாலும் மூடவில்லை.

இரண்டு ஐம்பதுக்குக் கன்னடியனிலிருந்து புதுக் கோப்பு.
பத்து புள்ளி மூன்று.
சர்வர் அதையும் ஏற்கவில்லை.
இந்தத் தடவை
இரண்டு முறை மூடியிருந்தான்.